நல்லா இருந்துச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அம்மாவுக்குப் போன் பண்ணுவது பல வருஷத்துப் பழக்கம். நான் பெங்களூரு, அம்மா சேலம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அக்கா வந்தாளா, குழாயில் தண்ணி வந்துச்சா, எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் நிஜமான பேச்சு. "என்ன படம் பார்த்தே?" எதையாவது பார்த்திருப்பாள். எதிர் வீட்டு அக்காவோடு தியேட்டரில், இல்லாவிட்டால் நான் கட்டிவைத்த ஓடிடி கணக்கில் டிவியில். அவள் சொல்லிக் கேட்டால் படம் பார்க்கவே வேண்டியதில்லை. சில படங்களைக் கேட்டுவிட்டுப் பிறகு போய்ப் பார்த்து, அவள் சொன்ன அளவுக்கு இல்லையே என்று ஏமாந்து வந்திருக்கிறேன்.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. 'லப்பர் பந்து' எப்படிம்மா? "நல்லா இருந்துச்சு கண்ணு." 'மெய்யழகன்'? "நல்லா இருந்துச்சு." 2024 தீபாவளிக்கு 'அமரன்'. "ம், நல்லா இருந்துச்சு. நீ சாப்பிட்டியா?" வயசாகிறது, முன்போல் பேச முடியவில்லை போல என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். நவம்பரில் 'கங்குவா' பார்த்துவிட்டு வந்தாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சொல்ல வேண்டி வந்த படம் அது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலே ஜன்னலைச் சாத்துகிற அம்மா அதற்கும் "நல்லா இருந்துச்சு" என்றாள். அப்போதுதான் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

இவள் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை.

காலைக் காட்டவே இல்லையே

அம்மா கொலுசு வேலை செய்கிறவள். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பட்டறையிலிருந்து எடை போட்டுக் கொடுப்பார்கள், வீட்டில் உட்கார்ந்து சலங்கை மாட்டி முடித்ததும் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். முன் அறையில் ஒரு பலகை, மேலே ஒரு டியூப் லைட், சின்னக் குறடு, மடியில் ஒரு வெள்ளைத் துணி. அரிசிக் குருணை அளவு வளையத்தைக் குறடால் விரித்து, சலங்கையைக் கோத்து, திரும்ப மூடுவாள். மூடினதும் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். வாய் சரியாக மூடவில்லை என்றால் புடவையில் இழுக்கும், நகம் அதைச் சொல்லிவிடும். வேலை முடிந்ததும் துணியை உதறாமல் மடித்து வைப்பாள், பொடியும் எடைதான். நாற்பது வருஷமாக இதே வேலை. என்னையும் அக்காவையும் படிக்க வைத்தது இந்தக் குறடுதான் என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் அதற்கு மேல் போகவில்லை.

இப்படிப்பட்டவள் சினிமா பார்த்தால் எங்கே பார்ப்பாள்? காலைத்தான். 2022-இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது ஊரே ஐஸ்வர்யா ராயையும் த்ரிஷாவையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அம்மா போனில் சொன்னது: "கழுத்து வரைக்கும் காட்டினான், இடுப்பு வரைக்கும் காட்டினான். அவ்வளவு பெரிய ராணி, கால்ல என்ன போட்டிருந்தான்னு காட்டவே இல்லையே. அந்தக் காலத்துப் பொம்பளைங்க வெறுங்காலோடவா திரிஞ்சாங்க?" பேய்ப் படம் என்றால் இன்னும் மோசம். ராத்திரி, காலி வராண்டா, ஜல் ஜல் என்று சத்தம். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "இது நாட்டியக்காரங்க கட்டற பித்தளைச் சலங்கை. வெள்ளி இப்படிக் கத்தாது. பேய் வர்ற அவசரத்துல யாரோ தப்பானதைக் கட்டி விட்டுட்டாங்க" என்று என் காதில் சொல்வாள். அதற்கப்புறம் எனக்கு எந்தப் பேயைப் பார்த்தாலும் பயம் வருவதில்லை. 'மகாராஜா' அவளுக்குப் பிடித்திருந்தது. கதையை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டிருந்தானே, குழம்பவில்லையா என்று கேட்டேன். "எதுக்குக் குழம்பணும்? குப்பைத்தொட்டி எங்க இருக்குன்னு பார்த்துட்டே போனா வழி தெரிஞ்சிடுது. ஆனா சலூன் வச்சிருக்கிற ஆளு முடி வெட்டறதை இன்னும் ரெண்டு நிமிஷம் காட்டியிருக்கலாம்."

இது எங்கள் வீட்டு ரத்தத்திலேயே ஊறியது. சேலத்தில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்த ஒரு தாத்தாவின் பேரன் மேல்தான் விழும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த அந்த ஸ்டுடியோ ஊருக்கே சோறு போட்டது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்துதான். இப்போது ஏற்காடு சாலையில் அந்த ஆர்ச் மட்டும் நிற்கிறது. அம்மாவின் பெரியப்பா அங்கே செட்டு வேலை பார்த்த தச்சர். அலிபாபா குகைக் கதவைத் தள்ளித் திறந்தவர் அவர்தான் என்பது எங்கள் வீட்டு வேதம். டிவியில் அந்தப் படம் போட்டால் நாங்கள் யாரும் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் பார்ப்பதில்லை. கதவு திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் "பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் சமையல்கட்டுக்குப் போவாள் அம்மா. கோடை விழாவுக்கு ஏற்காடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஆர்ச் வந்ததும் இந்தக் கதை ஆரம்பிக்கும். முதல் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடும். மீதி 19 வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

கரண்ட் போயிடுச்சா

2024 ஆகஸ்ட் 23 வெள்ளிக்கிழமை 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. அந்த வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அம்மாவுக்கு 'வாழை' பார்க்க ஆசை. நான்தான் கொட்டுக்காளிக்குக் கூட்டிப்போனேன். பெர்லின் விழாவுக்குப் போய்வந்த படம், பின்னணி இசையே கிடையாது, இதையெல்லாம் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒரு வகுப்பு எடுத்தேன். அம்மா ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சரி கண்ணு" என்றாள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: யாரையோ விரும்புகிறாள் என்ற சந்தேகத்தில், பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பைக்கில் கூடவே வருகிறான். அந்தப் பெண் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பதைச் சொல்லாமலே படம் முடிந்துவிடும். அன்று அரங்கில் பாதிகூட நிறையவில்லை. விளக்கு எரிந்ததும் நான் உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன். அம்மா செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டாள்: "என்ன கண்ணு, பாதியில நிறுத்திட்டாங்க? கரண்ட் போயிடுச்சா?"

நான் சிரித்தேன். வாய்விட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, விடு" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு முன் அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு போனை எடுத்தேன். நான் சினிமா பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுகிறவன், ஓரளவுக்குப் படிப்பவர்களும் உண்டு. எழுதினேன்: 'கொட்டுக்காளி முடிஞ்சதும் எங்கம்மா கேட்டது: கரண்ட் போயிடுச்சா? உலக சினிமாவுக்கும் சேலத்துக்கும் நடுவில் உள்ள தூரம் இவ்வளவுதான்.' கடைசியில் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை மூன்று. காலையில் எழுந்து பார்த்தால் எண்ணூறு லைக்கைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் நான் எழுதிய எந்த விமர்சனத்துக்கும் அதில் கால்வாசிகூட வந்ததில்லை. எங்கம்மாவும் இப்படித்தான், எங்கப்பா இதைவிட மோசம் என்று கீழே ஆளாளுக்கு வரிசை கட்டியிருந்தார்கள். பெங்களூர் பஸ்ஸில் தொப்பூர் வரைக்கும் அதைத்தான் படித்துக்கொண்டு போனேன்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே வெட்கமாக இருப்பதால் சீக்கிரம் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். அந்த நவம்பரில், கங்குவா வந்த கையோடு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விட்டு ரசிகர்களிடம் விமர்சனம் கேட்க அனுமதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நான் கொதித்துப்போய் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவனுக்குத் தோன்றியதைச் சொல்ல உரிமை உண்டு, அவன் வாயைக் கட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை என்று பக்கம் பக்கமாக. அதை எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவுக்குப் போன் போட்டு, கங்குவா எப்படிம்மா என்று கேட்டு, நல்லா இருந்துச்சு என்ற பதிலை வாங்கிக்கொண்டேன்.

பொங்கல்

2025 பொங்கலுக்கு நாலு நாள் லீவு. மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம் நண்பனைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறேன், வாசல் கதவு சாத்தாமல் இருந்தது. முன் அறையில் அம்மா, எதிர் வீட்டு அக்கா, மாடி வீட்டுச் சித்தி, மூன்று பேரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை என்றாலும் கொடுத்த வேலையை வியாழக்கிழமை எடை போட்டாக வேண்டும். மூன்று குறடும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா 'மத கஜ ராஜா' கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அரைச்ச மாவு, இப்ப எடுத்து ஊத்தறான், புளிக்கவே இல்லடி" என்று அம்மா சொல்ல, சித்தி சிரித்ததில் சலங்கை ஒன்று உருண்டு போய்விட்டது. "மனோபாலாவைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கல. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சேன்னு. இருக்கும்போதே விட்டிருந்தா அவரும் உட்கார்ந்து பார்த்திருப்பார்ல."

நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஐந்து மாசமாக எனக்கு வராத பேச்சு மொத்தமும் அந்த அறையில் இருந்தது. 'லப்பர் பந்து'வில் புருஷன் கிரிக்கெட் ஆடுகிற மைதானத்தைப் பொண்டாட்டி டிராக்டர் விட்டு உழுதுவிடுவாளே, அந்தக் காட்சியை அம்மா இரண்டு தடவை சொன்னாள், இரண்டாவது தடவை குறடையே ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டு. நான் உருகி உருகி எழுதிய, படம் வெளியான பிறகு 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்களே என்று சண்டையெல்லாம் போட்ட 'மெய்யழகன்' அங்கே தூள் தூளாகிக்கொண்டிருந்தது. "பேர் தெரியாம ஒருத்தன் வீட்டுல சாப்பிட்டுட்டானாம், அதுக்குப் போய் அவ்வளவு அழுகை. நாம கல்யாண வீட்டுக்குப் போனா பாதிப் பேரை 'வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா'ன்னுதானே சமாளிக்கறோம்? நாலு பேரு பேரு தெரியாதுன்னு நான் என்னைக்காவது ராத்திரி எந்திரிச்சு ஓடிப்போயிருக்கேனா?" எதிர் வீட்டு அக்கா, "ஆனா அந்தச் சைக்கிள் விஷயம் நல்லா இருந்துச்சுல்லக்கா" என்றாள். "அது நல்லா இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. பழைய சாமானை வாங்கிட்டுப் போனவன் வீட்டுல அது என்ன ஆச்சுன்னு கொடுத்தவனுக்குத் தெரியறதே இல்ல." இங்கே ஒரு நல்லா இருந்துச்சு வந்தது. எனக்கு வருகிற நல்லா இருந்துச்சு வேறு ஜாதி என்பது அதைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

அப்புறம் சித்திதான் அதைக் கிளப்பினாள். "அந்தச் சேவலைக் கட்டிக்கிட்டுப் போற படம் பார்த்தீங்களே, அது என்ன ஆச்சு கடைசியில?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. வளையத்தை மூடி, நகத்தால் தடவிப் பார்த்து, துணியில் வைத்துவிட்டுத்தான் பேசினாள். "ஒண்ணும் ஆகல. பாதியில நிறுத்திட்டாங்க. நான்கூட கரண்ட் போயிடுச்சான்னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு. அந்தப் பொண்ணு என்ன ஆனாளோன்னு உருண்டுட்டே இருந்தேன். அப்புறம் விடியற நேரத்துல தோணுச்சு. முழுசாக் காட்டியிருந்தா என்ன காட்டியிருப்பான்? ஒண்ணு அடிச்சுக் கொன்னுருப்பாங்க, இல்ல அவனுக்கே கட்டி வச்சிருப்பாங்க. நமக்குத் தெரியாததா? நிறுத்தினதுனாலதானே இன்னிக்கு வரைக்கும் அவ அந்த ஆட்டோவுல உட்கார்ந்திருக்கா. ஒண்ணும் ஆகாம."

எதிர் வீட்டு அக்கா, "அய்யோ" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படத்தைப் பற்றி நான் படித்தவை ஒரு இருபது கட்டுரை இருக்கும். நானே ஒன்று எழுதினேன், 'திறந்த முடிவு' என்ற வார்த்தையை அதில் நாலு இடத்தில் போட்டிருந்தேன். அந்த முடிவை எதற்காகத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. அம்மா உள் அறையில் உருண்டுகொண்டிருந்த அதே ராத்திரி, நடுவில் ஒரு கதவு மட்டும் இருக்க, நான் முன் அறையில் படுத்துக்கொண்டு சிரிக்கிற பொம்மையை இரண்டு போடுவதா மூன்று போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் காபி கொடுக்கும்போது அவள் இதைச் சொல்ல வந்திருக்கலாம். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். படத்தைப் பற்றி அவளுடைய முதல் பேச்சை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டவனுக்கு இரண்டாவது பேச்சு எப்படிக் கிடைக்கும்?

என் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அம்மா தலையைத் தூக்கினாள். மூன்று பேரும் அமைதியானார்கள். "வந்துட்டியா கண்ணு, காபி வைக்கட்டுமா?" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆத்தூரிலிருந்து வந்திருந்த அக்காவிடம் மொட்டை மாடியில் வைத்துக் கேட்டேன், அம்மா ஏன் என்னிடம் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று. அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "நீதானே அம்மாவை வச்சுக் காமெடி பண்ணின" என்றாள், சாதாரணமாக. சித்தி மகள் வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்தியில், யாரோ ஒரு தம்பி போனை நீட்டி "பெரியம்மா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க" என்று வாசித்துக் காட்டியிருக்கிறான். பந்தியே சிரித்திருக்கிறது. அம்மாவும் சிரித்தாளாம். சிரித்துவிட்டு, பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாளாம். "அவ பாயசத்தை விட்டு நீ பார்த்திருக்கியா?" என்றாள் அக்கா. பார்த்ததில்லை.

அந்தப் பதிவை அன்று ராத்திரி அழித்தேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று தெரியாமலேதான் அழித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று சமையல்கட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தப்பு செய்தவன் தண்ணிக் குடத்தைத் தூக்கி வைப்பான், கேட்காமலே கடைக்குப் போய்வருவான், அதோடு சரி. நானும் தண்ணி கேன் இரண்டைத் தூக்கி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

போனைப் பையில போடு

அதற்கப்புறம் சில ஞாயிறுகள் நான் செய்தது அதைவிட அபத்தம். பேட்டி எடுக்கிறவன் மாதிரி கேட்க ஆரம்பித்தேன். அந்தக் காட்சி பிடிச்சுதா, ஏன் பிடிச்சுது, இவர் நடிப்பு எப்படி. கேள்வி நீள நீளப் பதில் சுருங்கியது. நல்லா இருந்துச்சு என்பதுகூட "ம், பரவால்ல" ஆனது. ஒருநாள் வேறு வழியில்லாமல், ஒரு பழைய படத்தில் கொலுசுச் சத்தம் வருது, அது வெள்ளியா பித்தளையா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, கேட்டுச் சொல்றியா என்று போனை டிவி பக்கம் காட்டினேன். அதற்குப் பதில் சொல்ல இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கால் தரையில் படும்போது வருகிற சத்தம் வேறு, தூக்கும்போது வருவது வேறு, சினிமாவில் தூக்கும்போது வருவதே இல்லை என்றாள். எனக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தபோது ஊருக்குப் போனேன். இந்தத் தடவை எந்தப் படம் என்று நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். இடைவேளைக்குப் பின் பக்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படம் முடிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, இரண்டு சட்னியும் தடவி, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓரத்தைக் கடித்துவிட்டு, என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"இது போன்ல போகாதில்ல?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். சட்னி படாத விரலாக இரண்டு விரலால் வாங்கி, மஞ்சள் பைக்குள், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் தண்ணி பாட்டிலுக்கும் அடியில் போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்கு நான் சொன்னதை நிறைய பேரு படிச்சாங்களா?"

"ம்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், நான் கேட்டதுல என்ன தப்புன்னு." அடுத்த கடி கடித்து, மென்று முடிக்கும்வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, அதை விடு. இந்தப் படம் எடுத்த பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு இருக்கும்மா."

"அதான். இன்னும் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டான். படகுல வந்து இறங்கினவங்களுக்கு இப்படி ஒரு தெரு கிடைக்குமா? ஒரு தெருவுல ஒருத்தன்கூடவா நிஜமாலுமே கெட்டவன் இல்ல? நான் கல்யாணமாகி வந்து இந்த நாற்பது வருஷத்துல குழாயடியில எத்தனை பேருகிட்ட பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப அக்கா அக்கான்னு கொஞ்சறாளே மாடி வீட்டுக்காரி, அவகூட முதல் ஆறு மாசம் நான் பேசினதே இல்ல." அழுதியே என்றேன். "அழுதேன், அதனாலதான் சொல்றேன். அழ வைக்கிற அளவுக்குக் கை இருக்குல்ல அந்தப் பையனுக்கு, அப்ப குழாயடியையும் வச்சிருக்கலாம்ல?" அங்கிருந்து சிம்ரனுக்குப் போனாள், சசிகுமாரின் சட்டைக்குப் போனாள், டவுன் பஸ்ஸில் ஏறி, செவ்வாய்ப்பேட்டை தாண்டி, எங்கள் ஸ்டாப்பில் இறங்கி வீட்டு வாசலில் சாவியைத் தேடும்வரை நிறுத்தவில்லை. பைக்குள் போன் இரண்டு தடவை அடித்தது. அவள் பேச்சை நிறுத்தாமல் பையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

இதை எழுதி முடித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, குறடு சத்தம் மட்டும் கேட்டது. வளைகாப்பில் விட்டுவிட்டு எழுந்தது பாயசம் இல்லையாம், ஜவ்வரிசிப் பாயசமாம், சேலத்துக்காரன் வெறும் பாயசம் என்று எழுதலாமா என்றாள். கங்குவாவை எழுதினது போதாதாம், காது வலித்ததைச் சேர்க்கணுமாம். அப்புறம் நீளம் ரொம்ப அதிகமாம்.

"அப்புறம் அந்தக் குகைக் கதவை எங்க பெரியப்பா தள்ளினார்னு எழுதியிருக்கே. அவரு தச்சரு. கதவைப் பண்ணினவரு அவரு. தள்ளினது வேற ஆளுங்க. பார்த்து எழுது."